சுருளிக்குக் கோர்ட்டில் கிடைத்த உத்தியோகம்

சுருளி எனக்கு மருமகன் முறை. அவனைப் பெற்றவள் என் சித்தப்பா மகள். அவன் அப்பா வழியில் போனால் பேரன் முறைகூட வரும். ஆனால் அந்த வழி சிலமலை ஊரைச் சுற்றிக்கொண்டு, ஒரு இரண்டாம் தாரத்தின் வீட்டு வழியாகப் போகும். குறுக்குப் பாதை இருக்கும்போது அது எதற்கு? மருமகன் என்றே வைத்துக்கொள்வோம்.

முப்பத்தைந்து வயது வரைக்கும் அவனைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் சிக்கந்தர் பாயிடம் லோடு வண்டி ஓட்டினான். காலையில் மெட்டுப் பாதையில் மலை ஏறுவான். எஸ்டேட்டுகளில் உலர்த்தி வைத்த காயை மூட்டையாக ஏற்றிக்கொண்டு, மதியச் சோற்றுக்குப் பிறகு கடையில் இறக்குவான். அவன் அப்பாவும் பாயின் அத்தாவிடம் மூட்டை தூக்கியவர்தான். சுருளியிடம் விசேஷமாகச் சொல்ல ஒரே ஒரு பழக்கம் உண்டு. பொய் சொன்னால் அவன் கை தானாகப் போய்க் காதைத் தடவும். சின்னப் பிள்ளையில் மிட்டாய் எடுத்தபோதும் தடவினான், மீசை முளைத்துப் பீடி குடித்தபோதும் தடவினான். இப்படி ஒரு கையை வைத்துக்கொண்டு திருடப் போனதுதான் அவன் செய்த பெரிய தப்பு.

கல்யாணம் ஆகவில்லை. இப்போது எங்கள் பக்கம் பெண்ணைப் பெற்றவர்கள் மாப்பிள்ளையின் மூக்கையும் முழியையும் பார்ப்பதில்லை. கவர்மெண்டா என்று கேட்பார்கள். இல்லை என்றால் மோர் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். சுருளியின் அக்காள் வீரலட்சுமி அவனைக் கூட்டிக்கொண்டு பெண் கேட்டுப் போன இடங்களில் எல்லாம் மோர் குடித்துக் குடித்து அவளுக்குச் சளியே பிடித்துவிட்டது.

கடைசியாகப் பக்கத்து ஊரான தேவாரத்துக்குப் போனார்கள். அங்கே வேலுச்சாமி என்று எங்கள் சனத்து ஆள், மலையடிவாரத்தில் தென்னந்தோப்பு வைத்திருப்பவர். அவருக்கு ஒரே மகள், பெயர் தேவி. இவர்கள் போய் இறங்கிய நேரம் அவள் வீட்டிலேயே இல்லை. ஏலக்காய் எடுக்கும் வேலைக்கு மலைக்குப் போயிருந்தாள். சுருளி தெருமுனையில் வண்டியை நிறுத்தியிருந்தான். எஸ்டேட் ஆட்களை ஏற்றிவந்த ஜீப்பு திரும்ப முடியாமல் நின்றது. அதிலிருந்து ஒரு பெண் தலையை நீட்டி, "யாருங்க வண்டிக்காரரு? பொண்ணு பாக்க வந்தவரு மாதிரி ரோட்டை அடைச்சு நிக்கிறீக, எடுங்க" என்றாள். அதுதான் தேவி. அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். உண்மையாகவே பெண் பார்க்க வந்தவனுக்கு வண்டியை ஸ்டார்ட் பண்ணக்கூட வரவில்லை. அன்றைக்கு அவன் மனதில் நின்றவள் அதற்கப்புறம் ரிவர்ஸ் எடுக்கவே இல்லை.

வேலுச்சாமி மோர் கொடுத்தார். "டிரைவர் சோலி இன்னைக்கு இருக்கும், நாளைக்கு பிரேக்கு இருக்காது. பியூனா இருந்தாலும் பரவால்ல, கவர்மெண்டா இருக்கணும்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

சுருளி முருகனிடம் போனான். மற்றவர்கள் காரியம் முடிந்தால் மாலை போடுகிறேன் என்று வேண்டிக்கொள்வார்கள். இவனுக்கு அந்தப் பொறுமை இல்லை. முதலில் மாலையைப் போட்டுவிட்டால் சாமிக்கும் மறுக்க வராது என்று ஒரு கணக்கு. ஏலக்காய் மாலை. அதுவும் எட்டு எம்.எம். காய், தலை ரகம், பச்சை மாறாத காய். கடையில் இறக்கும்போது ஒரு கிலோவைத் தூக்குவாளியில் போட்டு மேலே தயிர்ச்சோற்றை வைத்து மூடிக்கொண்டு போய்விட்டான். போடியில் வாசனையை வைத்து யாரையும் பிடிக்க முடியாது. ஊரே அந்த வாசனைதான்.

மாலை கட்டியதும் நன்றாக வந்தது. முருகன் கழுத்தில் போட்டதும் அதைவிட நன்றாக இருந்தது. பூசாரிக்கு மனசு தாங்கவில்லை. போட்டோ எடுத்து, "உபயம்: டிரைவர் சுருளி" என்று எழுதி, தன் போனில் ஸ்டேட்டஸ் வைத்துவிட்டார். பூசாரியின் ஸ்டேட்டஸைப் பார்க்காத ஏலக்காய் வியாபாரி எங்கள் ஊரில் இல்லை. சிக்கந்தர் பாய் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். வாரா வாரம் அட்வான்ஸ் கேட்கிறவன் எட்டு எம்.எம்.மில் மாலை போட்டிருக்கிறான்.

பாய் கூப்பிட்டுக் கேட்டார். சுருளி, தங்கச்சி முறையில் ஒருத்தி வாங்கிக் கொடுத்தாள் என்றான். கை காதில் இருந்தது. பாய் அதைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவர் அத்தோடு விட்டிருப்பார். ஆனால் அவருடைய மருமகன் அன்சார் அப்போதுதான் கடைக்கு வந்து பொறுப்பு எடுத்திருந்தான். புதிதாகக் கேமராவெல்லாம் வைத்திருந்தான். கேமராவில் சுருளி தூக்குவாளியோடு போகிற காட்சி சினிமா மாதிரித் தெளிவாக இருந்தது. இவ்வளவு நன்றாகப் படம் விழுந்தபிறகு கேஸ் கொடுக்காமல் இருப்பது கேமராவுக்கே அவமானம் என்று அன்சார் போய் எழுதிக் கொடுத்துவிட்டான்.

போலீஸ் சுருளியை உட்கார வைத்துவிட்டு மாலை எங்கே என்று கேட்டது. முருகன் கழுத்தில் என்றான். யாரும் போய் எடுக்க முன்வரவில்லை. பாயும் சாமி கழுத்தில் கிடக்கிறதை நான் எப்படித் திரும்ப வாங்குவேன் என்று கையை விரித்துவிட்டார். சுருளிக்கு டிரைவர் வேலை போனது, வீரலட்சுமி காய்க்கான விலையைக் கட்டிவிட்டாள். பூசாரி நியாயமான மனுசன். உடனே ஸ்டேட்டஸை மாற்றி, "உபயம்: சிக்கந்தர் பாய், ஏலக்காய் வியாபாரம்" என்று போட்டுவிட்டார். அதைப் பார்த்து கேரளாப் பக்கத்து வியாபாரிகள் இரண்டு பேர் பாய்க்குப் போன் பண்ணி அந்த ரகம் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார்கள்.

கோர்ட்டில் நீதிபதி ஒரு அம்மா. எடுத்தது உண்மையா என்று கேட்டார். உண்மைதான் என்றான் சுருளி. எதற்கு என்று கேட்டார்.

"முருகனுக்கும்மா."

"முருகன் கேட்டாரா?"

"இல்லம்மா. நானாத்தான்."

இப்போது ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. சின்னத் திருட்டு, முதல் தடவை, எடுத்ததற்கு ஈடு கொடுத்துவிட்டான் என்றால் ஜெயிலில் போடாமல் சமூக சேவை செய்யச் சொல்கிறார்கள். அந்த அம்மா அதைத்தான் போட்டார். ஒரு மாதத்துக்கு ஒரு அரசாங்க அலுவலகத்தில் வளாகத்தைக் கூட்டி, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும். எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். நல்ல மனிதர்கள், எதற்குப் பெயரை இழுப்பானேன்.

எங்கள் சனத்தில் தண்டனை வாங்கியவர்கள் இவனுக்கு முன்னாலும் உண்டு. என் பெரியப்பா அழகுமலை அடுத்தவனுடைய முறைத் தண்ணீரைத் தன் வயலுக்குத் திருப்பிவிட்டார். ஊர் கூடி, சபை முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழச் சொன்னது. விழுந்தார். முந்தின ராத்திரி முழுவதும் மடையில் நின்ற களைப்பு, விழுந்த இடத்திலேயே தூங்கிவிட்டார். விழுந்தவன் எழுந்திருக்காமல் சபை கலையக் கூடாது என்பது முறை. பெரியப்பா மண்ணில் குறட்டை விட, பெரிய மனிதர்கள் அத்தனை பேரும் வெயிலில் நின்றுகொண்டிருந்தார்கள். அதற்குப் பிறகு ஊரில் யாரையும் விழச் சொல்வதற்கு முன்னால் ராத்திரி தூங்கினாயா என்று கேட்டுக்கொள்வார்கள். இன்னொருவர், சின்ராசு மாமா, சாராயம் காய்ச்சி மதுரை ஜெயிலுக்குப் போனவர். வரும்போது கன்னம் உப்பிப்போய் வந்தார். சாகும்வரைக்கும் அத்தை வைக்கிற சாம்பாரைச் சாப்பிட்டுவிட்டு, அங்கே வேற மாதிரி இருக்கும் என்று சொல்லி அவளிடம் அடி வாங்கினார். அடிக்கிறது, விழ வைக்கிறது, அடைக்கிறது எல்லாம் அவன் மறுபடி செய்யக் கூடாது, பார்க்கிறவனும் பயப்பட வேண்டும் என்றுதானே? செய்தவனாவது சில சமயம் திருந்துகிறான். பார்க்கிறவன் என்ன நினைத்துக்கொள்கிறான் என்பதை மட்டும் இதுவரை எந்தச் சபையாலும் சொல்ல முடிந்ததில்லை. சுருளி விஷயத்தில் அதுதான் நடந்தது.

அந்த அலுவலகத்தைச் சம்பளத்துக்குக் கூட்டுகிறவள் ராமுத்தாய். சுருளி முதல் நாள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போய் நின்றபோது, அவள்தான் விளக்குமாற்றை எடுத்துக் கொடுத்தாள். அவன் அதை வாங்காமல் நாலு பக்கமும் பார்த்தான், யாராவது தெரிந்தவர்கள் வருகிறார்களா என்று.

"என்னப்பு, வெக்கமா இருக்கா?"

"தண்டனைல்ல அக்கா."

"ஒரு கிலோ ஏலக்காய் எடுத்ததுக்கு ஒனக்கு ஒரு மாசம். நான் இருவது வருசமா இதே வெளக்குமாத்தைப் பிடிக்கிறேன். நான் என்னத்தைத் திருடுனேன்னு ஜட்ஜம்மாகிட்டக் கேட்டுச் சொல்லு."

சுருளி கையை நீட்டினான். விளக்குமாற்றை வாங்கிக்கொண்டான். தப்பாகக் கூட்டினான். காற்று அடிக்கிற பக்கத்தைப் பார்த்துக் கூட்டியதில் குப்பை முழுவதும் ராமுத்தாய் மேலேயே போய் விழுந்தது. திருடவும் தெரியவில்லை, தண்டனை அனுபவிக்கவும் தெரியவில்லை என்று அவள் திட்டித் திட்டித்தான் பழக்கினாள்.

காவல்காரர் அவனை மனு கொடுக்க வந்த ஆள் என்று நினைத்து அடிக்கடி வெளியே துரத்தினார். அதனால் ஆபீசர் ஒரு அட்டையை நீலக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்ளச் சொன்னார். கயிறு கழுத்தில் ஏறியதும் ஆளே வேறு மாதிரி தெரிந்தான். வந்தவர்கள் எல்லாம் அவனிடம் வழி கேட்டார்கள். எந்த அறையில் யார், யார் சாப்பிடப் போயிருக்கிறார், யாரிடம் மதியத்துக்கு மேல் போனால் எரிந்து விழுவார் என்பதெல்லாம் சீக்கிரமே அவனுக்கு அத்துப்படி. செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொல்லுவான்.

அப்படி ஒரு நாள் வந்தவர்தான் வேலுச்சாமி. தோப்பில் யானை புகுந்து தென்னம்பிள்ளைகளை மிதித்துவிட்டது என்று நிவாரணம் கேட்டு மனு கொண்டுவந்திருந்தார். எங்கே போவது என்று தெரியாமல் வெயிலில் நின்றவரை, கழுத்தில் அட்டையோடு ஒருவன் வந்து, "வாங்க மாமா" என்று கூட்டிப்போய், சரியான அறையில், சரியான நாற்காலிக்கு முன்னால் நிறுத்தினான். மனு வாங்கப்பட்டது. வேலுச்சாமியின் வாழ்நாளில் போன அன்றைக்கே மனு வாங்கப்பட்டது அதுதான் முதல் தடவை. அவர் திரும்பித் திரும்பிச் சுருளியின் கழுத்தையே பார்த்துக்கொண்டு போனார்.

தேவாரம் பஸ்சில் ஏறுவதற்குள் அவர் போடியில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டார். அவர்களும் தெரிந்ததைச் சொன்னார்கள். சுருளி திருடினான், கோர்ட்டுக்குப் போனான், கோர்ட்டு அவனை அரசாங்க ஆபீசில் வேலை செய்யச் சொல்லியிருக்கிறது. இதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. இதையே பஸ்சில் வைத்து யோசித்துப் பார்த்த வேலுச்சாமிக்கு விஷயம் பளிச்சென்று விளங்கிவிட்டது. வேலை இல்லாததால்தான் திருடுகிறான்கள், அதனால் திருடுகிறவனுக்கு வேலை கொடுத்துவிட்டால் திருட மாட்டான் என்று கவர்மெண்டு புதிதாகச் சட்டம் போட்டிருக்கிறது. நல்ல சட்டம்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடமும் சொன்னார். பஸ்சு தேவாரம் போய்ச் சேர்ந்தபோது சட்டமும் போய்ச் சேர்ந்துவிட்டது. திரும்பி வந்த பஸ்சில் அது போடிக்கும் வந்தது.

எங்கள் தெருவில் பாண்டியராஜ் என்று ஒரு பையன். டிகிரி முடித்துவிட்டு அரசாங்கப் பரீட்சை எழுதிக்கொண்டே இருப்பவன். அவன் ஒருநாள் சுருளியைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், டீ வாங்கிக் கொடுத்து, மரியாதையாகக் கேட்டான்.

"அண்ணே, ஒரு கிலோ ஏலக்காய்க்குத் தோட்ட வேலை கொடுத்துருக்காக. கிளார்க்கு சோலின்னா எம்புட்டுத் திருடணும்?"

அது வேலை இல்லை, தண்டனை என்று சுருளி தலையில் அடித்துச் சொன்னான். பாண்டியராஜ் நம்பவில்லை. கிடைத்தவன் எவன் வழியைச் சொல்லியிருக்கிறான் என்று எழுந்து போய்விட்டான். போனவன் நேராகச் சிக்கந்தர் பாய் கடைக்குப் போய், அவர் கண் முன்னாலேயே ஏலக்காயை இரண்டு கையாலும் அள்ளினான். பாய் பார்த்தார். எடுத்துக்க அப்பு, டீயில் போட்டுக் குடி என்றார். பாண்டியராஜ் அப்படியே நின்றான்.

"டீக்கு இல்ல பாய். திருடுறேன். மருமகனைக் கூப்பிட்டுக் கேஸ் கொடுக்கச் சொல்லுங்க."

பாய் அன்றைக்குக் கடையை வெரசா அடைத்துவிட்டார். அந்த வாரத்தில் இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவர் தன் மகனைக் கையோடு கூட்டிவந்து, பையன் கொஞ்சம் கூச்ச சுபாவம், நீங்களே ஒரு கிலோ எடுத்து அவன் பையில் போட்டுவிட்டுப் புகார் கொடுத்துவிடுங்கள் என்று கேட்டாராம். அன்சார் கேமராவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டான்.

இந்த நேரத்தில்தான் வேலுச்சாமி வெற்றிலை பாக்கோடு வீரலட்சுமி வீட்டுக்கு வந்தார். மோர் கொடுத்து அனுப்பியவர் காப்பி கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக் குடித்தார். சுருளியைப் பார்த்து வாய் நிறைய மாப்ளே என்றார். திருடினதை அவரே எடுத்துச் சொல்லி, அது கிடக்கட்டும், யார் எடுக்கவில்லை, சாமிக்குத்தானே எடுத்தான் என்று தள்ளிவிட்டார். அவருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"பெர்மனண்டா மாப்ளே, டெம்பரரியா?"

"டெம்பரரிதான் மாமா" என்றான் சுருளி. கை காதுக்குப் போகவில்லை. உண்மையைத்தானே சொன்னான்.

"ஆரம்பத்துல எல்லாரும் டெம்பரரிதான். எங்க மச்சினன் எம்புட்டோ வருசம் டெம்பரரியா இருந்து பெர்மனண்டு ஆனவன். நீங்க சோலியை மட்டும் ஒழுங்காப் பாருங்க."

உறுதி வார்த்தைக்கு, அதாவது நிச்சயதார்த்தத்துக்கு, நாள் குறித்தார்கள். அது சுருளியின் தண்டனை முடிகிற நாளுக்கு மறுநாளாக வந்து விழுந்தது. அவர் போனபிறகு சுருளி அக்காளிடம் சண்டை போட்டான். வீரலட்சுமி அசையவில்லை. நாம் ஒரு பொய்யும் சொல்லவில்லை, கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லவில்லை, அவ்வளவுதான் என்றாள். அவளுக்கும் மோர் அலுத்துப் போயிருந்தது. சுருளிக்குத் தேவியை விடவும் மனசில்லை, சொல்லவும் வாயில்லை. கூட்டிய இடத்தையே திரும்பத் திரும்பக் கூட்டினான். ராமுத்தாய், தரை தேஞ்சு போகும், தள்ளு என்று பிடுங்கிக்கொண்டாள்.

பிறகு அந்த யானை இன்னொரு தடவை தோப்புக்கு வந்தது. வேலுச்சாமிக்கு முழங்கால் வலி, அதனால் மனுவை எடுத்துக்கொண்டு தேவியே போடிக்கு வந்தாள். சுருளி வேப்பமரத்தடியில் குனிந்து சருகு அள்ளிக்கொண்டிருந்தான். நிமிர்ந்தான், அவள் நின்றாள். அவன் கையில் இருந்த சருகெல்லாம் அவன் காலிலேயே விழுந்தது.

"ஆபீஸ்ல உத்தியோகம்னாக அப்பா. இதுதானா அது?"

அவன் கை காதுப் பக்கம் எழும்பியது. பாதி தூரம் போய் நின்றுவிட்டது. இது உத்தியோகம் இல்லை, தண்டனை, இந்த வாரத்தோடு முடிகிறது, அப்புறம் தனக்கு எந்தச் சோலியும் இல்லை என்று எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டான். எதற்காகத் திருடினான் என்பதை மட்டும் சொல்லவில்லை. அதை ராமுத்தாய் மரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து சொன்னாள்.

"ஒனக்குத்தான் ஆத்தா. ஒன்னைக் கொடுக்கணும்னு முருகனுக்கு முன்கூட்டியே மாலை போட்டுருக்கு இந்த லூசு."

தேவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சிரிக்கிறாளா கோபமா என்று தெரியாமல் சுருளி தவித்தான். கடைசியில் அவள் மனுவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னாள்.

"அப்பாகிட்ட நான் வாயைத் தொறக்க மாட்டேன். அது உங்க சோலி. சபையில வச்சு நீங்களே சொல்லணும். சொல்லலைன்னா நான் அன்னைக்கு உள்ள இருந்து வெளிய வர மாட்டேன்."

அவள் போய்விட்டாள். சொன்னால் வேலுச்சாமி கொடுக்க மாட்டார், சொல்லாவிட்டால் அவள் வர மாட்டாள். இரண்டு பக்கமும் ஆட்கள் நிற்கிற சந்தில் வண்டியை விட்டவன் மாதிரி ஆகிவிட்டது அவன் நிலைமை. அவனுக்கு ஒரே ஒரு வழிதான் தோன்றியது. தண்டனை முடிந்தது என்று ஆபீசர் கொடுத்த சான்றோடு கோர்ட்டுக்குப் போனவன், நீதிபதியின் முன்னால் கைகட்டி நின்று கேட்டான்.

"அம்மா, இன்னும் கொஞ்சம் போட்டுக் கொடுங்கம்மா."

"எதை?"

"தண்டனையை."

கோர்ட்டில் வக்கீல்கள் எல்லாம் எழுந்து பார்த்தார்கள். குறைக்கச் சொல்லிக் கேட்டவர்களைத்தான் அந்த அம்மா இதுவரை பார்த்திருக்கிறார். எவ்வளவு வேண்டும் என்று கேட்டார். பெர்மனண்டாக என்றான். நீதிபதி பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். பிறகு முகத்தை நேராக்கிக்கொண்டு, செய்ததற்குக் கொடுத்தாயிற்று, அதற்கு மேல் ஒரு நாள்கூடப் போட எனக்கு அதிகாரம் கிடையாது என்றார். அந்த ஆசையில் மறுபடி திருடிவிட்டு வந்தால், இரண்டாவது தடவை செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது இல்லை, கடுங்காவல் என்றும் எச்சரித்து அனுப்பினார். உள்ளே போகிறவன் அழுவதை நான் பார்த்திருக்கிறேன். விடுதலை ஆகி அழுதுகொண்டு வந்தவன் எனக்குத் தெரிந்து இவன் ஒருவன்தான்.

மறுநாள் தேவாரத்தில் வேலுச்சாமி வீட்டில் சபை கூடியது. தாய்மாமன் என்ற முறையில் நானும் முன்வரிசையில் இருந்தேன். வீரலட்சுமி பழைய பழக்கத்தை விடாமல் சிக்கந்தர் பாயையும் அழைத்திருந்தாள். அவரும் வாழைத்தாரோடு வந்து உட்கார்ந்திருந்தார். தட்டு மாற்றுவதற்கு முன்னால் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளைக்கு என்ன சோலி என்று சபைக்குக் கேட்கும்படி கேட்டார். கேட்க வேண்டும் என்பது முறை. எல்லாருக்கும் பதில் தெரியும் என்பதால் வேலுச்சாமி ஏற்கெனவே நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். வீரலட்சுமி வாயைத் திறந்தாள்.

அதற்குள் சுருளி எழுந்துவிட்டான். கை காதுக்குப் போயிற்று. அதை இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கிவிட்டுச் சொன்னான்.

"சோலி ஒண்ணும் இல்லைங்க. நான் ஆபீஸ்ல பாத்தது உத்தியோகம் இல்ல, தண்டனை. அது நேத்தோட முடிஞ்சுபோச்சு. நீட்டிக் கொடுங்கன்னு கேட்டும் பாத்துட்டேன். இன்னொரு தடவை திருடுனாக் கடுங்காவல்னு சொல்லிட்டாக."

சபையில் யாரோ வெற்றிலைச் சாற்றை விழுங்கிய சத்தம் கேட்டது. வேலுச்சாமிக்கு முகம் சுண்டிவிட்டது. திருட்டுப் பயலுக்கா பெண்ணைக் கொடுப்பேன் என்று துண்டை உதறித் தோளில் போட்டார். திருடினது அவருக்கு முன்பே தெரியும். வேலையோடு இருந்தவரைக்கும் அது திருட்டாகத் தெரியவில்லை, வேலை போனதும் தெரிந்துவிட்டது.

சிக்கந்தர் பாய் தொண்டையைச் செருமினார்.

"வேலுச்சாமி, ஒரு நிமிசம் உக்காருங்க. இந்த ஒரு மாசமா நான் டிரைவர் தேடுறேன். வர்றவன் சோலி கேக்க வர்றானா, கேஸ் கேக்க வர்றானான்னு எனக்குப் பிரிச்சுப் பாக்கத் தெரியல. இன்னைக்குத் தேதியில போடியில திருடப் பயப்படுற ஆளு ஒருத்தன்தான் இருக்கான். அடுத்த தடவை கடுங்காவல்னு கோர்ட்ல இவனுக்கு மட்டும்தான் சொல்லியிருக்காக. இவனை விட்டா எனக்கு நம்பிக்கையான ஆளு கிடைக்க மாட்டான். திங்கக்கிழமை வந்து சாவியை வாங்கிக்கச் சொல்லுங்க."

நான் அறிய ஒரு மனிதனின் யோக்கியதைக்கு அதைவிட நல்ல சான்று யாரும் சபையில் கொடுத்ததில்லை. ஆனாலும் வேலுச்சாமி இறங்கவில்லை. மறுபடியும் டிரைவர்தானே என்றார். அப்போது உள்ளே இருந்து தேவி வாசற்படி வரைக்கும் வந்து நின்றாள். சொன்னபடி வந்துவிட்டாள்.

"அப்பா, பாய்கிட்டத் திருடுனதுக்குக் கோர்ட்டு பாத்துக்கிருச்சு. ஆனா திருடுனது என் பேரைச் சொல்லி. அதை யாரும் கேக்கல. அதுக்கு நான் போடுறேன் தண்டனை."

சபையில் அதுவரை எந்தப் பெண்ணும் தீர்ப்பு சொல்லிக் கேட்டதில்லை. என்னவென்று கேட்டேன். ஒரு தாய்மாமன் வேறு என்ன செய்ய முடியும்?

"கல்யாணத்துக்குப் பெறகு தெனமும் வாசல் கூட்டணும். ஆயுசுக்கும். நான் காலைல ஜீப்புக்கு ஓடணும், எனக்கு நேரம் இல்ல. இவுக நல்லாப் பழகிட்டாக, நான் பாத்தேன்."

வேலுச்சாமி பொங்கிவிட்டார். "எந்த ஊர்லடி ஆம்பள வெளக்குமாத்தைப் பிடிப்பான்? நாலு பேரு பாத்தா எனக்கு மானம் போகாதா?"

"ஒரு மாசமா அதே வெளக்குமாத்தைப் பிடிச்சப்ப, மாப்ள கவர்மெண்டுன்னு பஸ்சு பஸ்சாச் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சீகளே, அப்பப் போகாத மானமா?"

பாய் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் தட்டை எடுத்து நடுவில் வைத்தார். வேலுச்சாமி தட்டை மாற்றும்போதுகூட, இப்படிச் சட்டம் போட்டு ஆளை ஏமாற்றுகிறார்களே என்று முனகிக்கொண்டுதான் மாற்றினார்.

இப்போது அவர்கள் போடியில் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். விடிந்ததும் தேவி மலைக்கு ஜீப்பு ஏறுவாள், சுருளி வாசல் கூட்டுவான், பிறகு லோடு வண்டியை எடுப்பான். முதலில் தெருப் பெண்கள் தங்கள் புருசன்மாரை எழுப்பிக் கூட்டிவந்து காட்டினார்கள். ஒருவரும் திருந்தியதாகத் தெரியவில்லை. நான் முன்னே சொன்னேனே, பார்க்கிறவன் விஷயம் அப்படித்தான். பாண்டியராஜ் மட்டும் இன்னமும் அவனைக் கடக்கும்போது சந்தேகமாகப் பார்க்கிறான், இதற்கும் ஏதாவது சம்பளம் வருகிறதோ என்று. ராமுத்தாய் அந்த வழியாக வேலைக்குப் போனால் நின்று, மூலையைக் காட்டிவிட்டுத்தான் போவாள்.

போன வாரம் நான் பால் வாங்கப் போகும்போது சுருளி கூட்டிக்கொண்டிருந்தான். தேவி ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, அங்கிருந்தபடியே, அந்தப் பக்கம் விட்டுப்போச்சு பாருங்க என்று கையைக் காட்டிவிட்டுப் போனாள். அவன் அந்தப் பக்கத்தையும் கூட்டினான். ஆயுள் தண்டனை எப்படி மாப்ளே போகிறது என்று கேட்டேன்.

"ரொம்பக் கஷ்டம் மாமா" என்றான்.

விளக்குமாறு ஒரு கைக்கு மாறியது. இன்னொரு கை காதைத் தடவிக்கொண்டிருந்தது.